எருவும் உறுதியும்

(காணி உடையோரும் கமக்காரரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

  

உழைப்பவர்களே உடைமையாளராக இருந்து, இரசாயனப் பசளையும் நஞ்சும் தீண்டாத காய்கறித் தோட்டமொன்றை நடத்தி, அதன் விளைவை அயலூர் மக்களுக்கே விற்றுச் சீவிக்க இயலுமா என்பது இன்று நம்முன் உள்ள கேள்வி. இயலும் என்பதே நமது துணிபு. ஆயின் அதற்கு வேண்டிய முதற்பொருள் எருவன்று, விதையன்று, தண்ணீருமன்று. உழைப்பவனுக்குக் காணியின்மீது நிலையான உரிமை வேண்டும். இந்த ஒன்றை இவ்வவை ஏற்குமாயின் ஏனையவற்றைத் தேடிக்கொள்ளலாம்.

சேதனப் பசளை என்ற சொல்லைக் கேட்டவுடனே கமக்காரர் முகஞ் சுளிப்பதில் வியப்பில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், அன்று ஜனாதிபதியாயிருந்த கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் இரசாயனப் பசளையினதும் கிருமிநாசினியினதும் இறக்குமதியைத் தடை செய்தது. அவ்வாண்டு நவம்பரிலே அத்தடையைக் கைவிட்டது. இடையிலே நெல் விளைச்சல் வீழ்ந்தது, தேயிலை வீழ்ந்தது, கமக்காரன் கடனில் வீழ்ந்தான். தடை விதிக்குமுன் எந்தக் கமக்காரனைக் கேட்டார்கள்? இத்தனை இலட்சம் ஏக்கருக்கும் எரு எங்கிருந்து வருமென்று எவர் கணக்கிட்டார்? அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்த வேளையில், மேலிருந்து ஒரு கட்டளை வந்தது. அவ்வளவுதான். மண்ணைக் காக்கும் கமத்தொழிலுக்கு அதனினும் பெரிய தீங்கை அதன் பகைவர்கூடச் செய்திருக்க முடியாது.

ஆனால் பசளையில்லாக் காலத்தை நம் மக்கள் முதன்முதல் கண்டது 2021இல் அன்று. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையிலே யூரியாவும் அடங்கியிருந்தது. மண்ணெண்ணெய் பொன்னினும் அரிதாயிற்று. நீரிறைக்கும் இயந்திரம் ஓய்ந்த தோட்டங்களில் துலா மீண்டும் எழுந்தது. ஆயினும் குடாநாடு பட்டினியால் மடிந்துவிடவில்லை. பூவரசங் குழையும் வேலிக் கிளுவையும் மண்ணுள் தாழ்க்கப்பட்டன. உக்கிய பனையோலை புதைக்கப்பட்டது. அறுவடை முடிந்த தறையிலே ஆட்டுப்பட்டி அடைக்கப்பட்டது. இவை எவரும் புதிதாகக் கண்டுபிடித்த வித்தைகளல்ல. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் நம் பாட்டன்மார் செய்த முறைகளே. பின்னர்ப் பாதை திறந்து பசளை மூட்டைகள் வரத் தொடங்கியதும் அவையனைத்தும் வழக்கொழிந்தன. ஏன்? அம்முறைகள் தோற்றதனாலா? அல்ல. தனித்தனிக் குடும்பங்கள் இடருக்காகச் செய்ததை, இடர் நீங்கிய பின்னும் நிலைநிறுத்த ஓர் அமைப்பு இல்லாததனால்.

அதே ஆண்டுகளிலே உலகின் மறுகோடியில் வேறொரு தீவு இதே துன்பத்தை அடைந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, எரிபொருளுக்கும் பசளைக்கும் அதனையே நம்பியிருந்த கியூபா நிலைகுலைந்தது. உழவு இயந்திரங்கள் நின்றன. நகர மக்கள் உணவின்றி மெலிந்தனர். 1993 செப்டெம்பரில் அந்நாட்டரசு, தன் பெரும் அரச பண்ணைகளைத் துண்டாடி உழைப்பாளரின் கூட்டுறவுகளிடம் ஒப்படைத்தது. நிலம் அரசுக்குரியது, ஆனால் அதனை வாடகையின்றி, கால எல்லையின்றிப் பயன்படுத்தும் உரிமை அங்கு உழைப்பவர்களுக்கு. விளைவு அவர்களுடையது, தலைவரைத் தெரிவதும் அவர்களே.

ஹவானா நகரின் கிழக்கே, அடுக்குமாடி வீடுகள் நிரம்பிய அலமார் என்னும் குடியிருப்பிலே 1997இல் இவ்வகைத் தோட்டமொன்று தோன்றியது. மிகுவேல் சல்சினெஸ் என்னும் வேளாண் வல்லுநரும் வேறு சிலரும் ஒரு சிறு துண்டு நிலத்தில் அதனைத் தொடங்கினர். காலப்போக்கில் அது ஏறத்தாழ 11 ஹெக்டேயருக்கு, அதாவது 27 ஏக்கருக்கு விரிந்து, 150 பேருக்கு மேல் உழைக்கும் இடமாயிற்று. மாட்டெருவையும் பயிர்க்கழிவையும் மண்புழுவிட்டு உக்கவைத்தார்கள். பாத்திகளின் ஓரங்களில் சோளத்தையும் செவ்வந்தி இனத்தையும் நட்டு, பூச்சியை உண்ணும் பூச்சிகளை வரவழைத்தார்கள். அந்நாட்டுக் கமங்களிலே வேப்பிலையும் வேப்பங்கொட்டையும் பூச்சி மருந்தாயின. வேம்பு அவர்களுக்கு வந்த மரம். நமக்கோ வளவுக்கு வளவு நிற்கும் மரம்! விளைந்த கீரையும் கிழங்கும் பெரும்பாலும் தோட்ட வாசலிலேயே அயற்குடிகளுக்கு விற்கப்பட்டன. எஞ்சிய இலாபம் உழைத்தோரிடையே பகிரப்பட்டது.

அந்நாட்டின் ஆட்சிமுறையை விதந்தோதுவதற்காக நாம் இதனைக் கூறவில்லை. கியூபா இன்றுவரை தன் உணவின் பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாங்குகின்றது. காய்கறித் தோட்டங்களால் ஒரு நாட்டின் அரிசிக் கேள்விக்கு விடை காண முடியாது. நாம் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: 2021இல் இங்கு பசளையைப் பறித்தார்கள், பதிலாக எதனையும் கொடுக்கவில்லை, அங்கே பசளை பறிபோனபோது உழைப்பவனுக்கு நிலத்தில் உரிமை கொடுத்தார்கள்.

இவ்வுரிமை ஏன் இத்துணை இன்றியமையாதது? கமக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஏனைய அன்பர்களுக்காகக் கூறுகின்றோம். யூரியாவை இட்டால் கீரை ஒரு வாரத்திலே கறுத்துச் செழிக்கும். கூட்டெரு அப்படியன்று. அதன் பயனில் ஒரு பகுதியே முதற்போகத்துக்குக் கிடைக்கும். மிகுதி அடுத்த போகத்துக்கும் அதற்கடுத்த ஆண்டுக்கும் செல்லும். நமது செம்பாட்டு மண்ணோ வெப்பத்தில் தன் உக்கலை விரைவிலே இழந்துவிடுவது. ஆண்டுதோறும் விடாது எருவூட்டினால், நாலைந்து ஆண்டின் பின்னரே நீரைப் பிடித்துவைக்கும் மண்ணாக அது மாறும். அப்படியாயின் இவ்வாண்டு எருச் சுமப்பவன், நாலாம் ஆண்டிலும் தான் அங்கே இருப்போம் என்று நம்ப வேண்டாமா?

நம் ஊர்களில் நடப்பது என்ன? காணியின் சொந்தக்காரர் கொழும்பிலோ, இலண்டனிலோ, ரொறன்ரோவிலோ இருப்பார். காணியை ஓர் உறவினர் பார்த்துக்கொள்வார். தோட்டஞ் செய்பவன் ஆண்டுக் குத்தகைக்காரன், அதுவும் வாய்ப்பேச்சு. அடுத்த ஆண்டு வேறொருவர் கூடிய குத்தகை கொடுத்தால் அவன் வெளியேற வேண்டும். அத்தகையவன் தன் கைப்பொருளைச் செலவழித்துப் பிறனுடைய மண்ணுக்கு ஏன் எருவூட்ட வேண்டும்? அவன் யூரியாவை வாங்கி, அவ்வாண்டே எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு போவான். அவனை அறிவிலி என்று ஏசுவோர் அவன் நிலையில் நின்று எண்ணிப் பார்க்கட்டும். அவனிலும் கீழே, நாட்கூலிக்கு மண்வெட்டி பிடிப்பவன். அவருட் பலர் சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாகக் காணி மறுக்கப்பட்டவர்கள். தமிழ் மண்ணின் உரிமைக்காக மேடைதோறும் முழங்கும் நாம், அம்மண்ணைக் கொத்துபவனுக்கு அதில் ஒரு பரப்புக்கூட இல்லை என்பதை மேடைகளில் அதிகம் பேசுவதில்லை.

இதனால் வரும் கேடு குத்தகைக்காரனோடு நிற்கவில்லை. நமக்கு ஆறில்லை, வழுக்கியாறு மாரியில் ஓடி வற்றுவது. சுண்ணாம்புக் கற்பாறையிலே தேங்கும் மழைநீரே குடாநாட்டின் உயிர். தோட்டத்தில் அளவிறந்து இட்ட பசளை நீரோடு இறங்கி அக்கற்பாறையின் வெடிப்புகள் வழியே கிணற்றைச் சேருகின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வலிகாமத்துத் தோட்டப்புறக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. அந்நீரிலே கரைத்த பால்மா கைக்குழந்தைக்கு எத்தகைய ஆபத்தென்பதை இங்கிருக்கும் வைத்தியர்கள் நம்மிலும் நன்கறிவர். ஆகவே, குத்தகை எப்படி எழுதப்படுகிறது என்பது காணிக்காரருக்கும் கமக்காரருக்கும் இடையிலான தனி வழக்கென்று ஒதுக்க முடியாது. பக்கத்து வீட்டுக் கிணற்று வாளியையும் அது தொடுகின்றது.

இனி, கணக்குக்கு வருவோம். கணக்கில்லாத இலட்சியம் மூன்று மாதத்தில் கலைந்துவிடும்.

40 பரப்புக் காணி, அதாவது இரண்டரை ஏக்கர், கிணற்றோடு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அயலில் 100 குடும்பங்கள் வாரத்துக்கு 5 கிலோ காய்கறி வாங்க இசைகின்றன. ஆண்டில் 50 வாரத்துக்கு 25,000 கிலோ. ஏக்கருக்கு 10,000 கிலோ என்பது மண் தேறிய பின்னர் எட்டக்கூடிய விளைச்சலே. முதலிரண்டு ஆண்டுகளில் அதனை எதிர்பார்க்கலாகாது. கிலோவுக்குச் சராசரி 240 ரூபா என்று கொண்டால் 60 இலட்சம் ரூபா. விதை, எரு, மின்சாரம், குத்தகை, வண்டி முதலியவற்றுக்கு மூன்றிலொரு பங்கு போக 40 இலட்சம். பத்திலொரு பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்கினால் 36 இலட்சம் மிஞ்சும். பத்துப்பேர் உறுப்பினராயின் ஒருவருக்கு மாதம் 30,000 ரூபா. ஆறு பேராயின் 50,000 ரூபா. விலை ஏறும், இறங்கும். ஆனால் கணக்கின் எலும்பு இதுதான். பத்துப்பேரைச் சேர்த்தால் அவர்கள் ஆறு மாதத்தில் மேசன் வேலைக்கோ கப்பலுக்கோ போய்விடுவார்கள். ஆறு பேரோடு தொடங்க வேண்டும். வேலையற்றோர் அனைவருக்கும் இடங்கொடுக்க வேண்டுமென்ற நல்லெண்ணத்தினாலேயே இத்தகைய முயற்சிகள் கெடுவதுண்டு.

அந்த ஆறுபேருக்கும் ஆளுக்கொரு வாக்கு. பணம் கூடுதலாகப் போட்டவருக்கு வட்டி உண்டு. கூடுதல் வாக்குக் கிடையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. நம் தோட்டங்களிலே, குனிந்த நிலையில் நாள் முழுதும் களை பிடுங்கும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி கொடுப்பது வழக்கம். வழக்கம் என்ற காரணத்தால் அது நீதியாகிவிடாது. வாரந்தோறும் கையில் ஒரு தொகை. போக முடிவில் கணக்குப் பார்த்து மிகுதி. உறுப்பினர் ஒருவர் விலகினால் அவர் பங்கைத் தோட்டமே வாங்கிக்கொள்ளும். வெளியாருக்கு விற்க முடியாது. இந்த ஒரு விதி இல்லாவிடின் பத்து ஆண்டில் தோட்டம் ஒரு முதலாளியின் கைக்குப் போய்ச் சேரும். கணக்குப் புத்தகம் பூட்டிய பெட்டியில் இராது. தோட்டக் கொட்டிலில் தொங்கும்.

விற்பனைக்கு நாம் கொழும்புச் சந்தையையோ தம்புள்ளைச் சந்தையையோ நம்ப வேண்டியதில்லை. 100 கிலோ கொண்டுபோனால் 10 கிலோவைக் கழிவென்று தள்ளி எஞ்சியதற்குப் பணம் கொடுத்த நம் ஊர்ச் சந்தைகளையும் கமக்காரர் மறந்திரார். நமக்குச் சீட்டுக் கட்டத் தெரியும். அதே முறையில் குடும்பங்கள் மாதத் தொடக்கத்தில் ஒரு தொகை கட்டட்டும். வாரம் இருமுறை தோட்டம் தரும் காய்கறியை வாசலில் வந்து பெற்றுக்கொள்ளட்டும். விதைக்குக் கடன் வாங்க வேண்டிய வேளையில் கையில் பணம் இருக்கும். 1970களில் யப்பானிலே நகரத்துக் குடும்பங்கள் கமக்காரரோடு நேரே பொருந்திக்கொண்டு, நஞ்சற்ற உணவுக்காக இவ்வகை ஏற்பாட்டைப் பெரும் இயக்கமாகவே நடத்தின. நஞ்சடிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சிப் பத்திரம் எங்கே என்று கேட்பவருக்கு, தோட்டத்துப் படலையைத் திறந்துவிடுவதே தக்க பதில்.

ஆனால் வாங்குவோரும் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். மாரி வெள்ளத்திலே தக்காளி கேட்கக்கூடாது. அக்காலத்தில் தோட்டம் தருவது கீரையும் மரவள்ளியும் வாழைக்காயுமாக இருக்கும். இலையில் ஓர் ஓட்டையைக் கண்டால் மூக்கைச் சுளிக்கும் அம்மணிமாருக்கும் ஒரு சொல்: புழு தின்ன மறுத்த இலையை நாம் மட்டும் ஏன் தின்ன வேண்டும்? கத்தரியில் துளைப்பான் புழு வரும். வாடிய தண்டை நாள்தோறும் வெட்டி எரித்தாலன்றி அதனை வெல்ல முடியாது. வென்றாலும் முழுதாக வெல்ல முடியாது. ஒவ்வொரு கத்தரிக்காயும் ஒரேயளவாய்ப் பளபளக்க வேண்டுமென்றால் அதற்கு நஞ்சு வேண்டும். எது வேண்டுமென்று குடும்பங்கள் முன்னமே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

சங்கம் என்றாலே களவும் கட்சியும் புகுந்துவிடும் என்று சிலர் கூறுவர். சங்கக் கடைகள் சில பட்ட பாட்டைக் கண்டவர் அப்படிக் கூறுவது இயல்பே. ஆயின் நம்மிடையே வேறு சாட்சியும் உண்டு. 1930களில் மூளாயிலே ஐக்கிய முறையில் ஒரு வைத்தியசாலையை எழுப்பியது இந்த மண்தான். அதனினும் நமக்கு நெருங்கிய சாட்சி கள்ளிறக்கும் தொழிலாளர். ஒருகாலத்தில் தவறணைக் குத்தகைக்காரர் வைத்ததே விலை. மரமேறியவன் உயிரைப் பணயம் வைத்தான், இலாபம் குத்தகைக்காரரின் பெட்டிக்குப் போயிற்று. 1970களில் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றிய பின் தவறணை சங்கத்தின் கைக்கு வந்தது. கள்ளை இறக்கியவனே அதன் விற்பனையிலும் பங்காளியானான். போரும் இடப்பெயர்வும் அச்சங்கங்களை உலைத்தனவே தவிர அழிக்கவில்லை. படித்தவர் வைத்த சங்கங்கள் பல படுத்துவிட்ட இடத்தில், ஏணியும் தளநாரும் கொண்டு ஏறியவர் வைத்த சங்கம் நின்றது. காரணம் எளிது. அவர்களுடைய அன்றன்றாட அடுப்பு அதனோடு கட்டப்பட்டிருந்தது.

இறுதியாகக் காணி உடைய அன்பர்களின் அச்சத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதனை வெளியிற் சொல்லக் கூசுவார்கள், நாமே சொல்லிவிடுகின்றோம். பத்தாண்டு ஒருவனை விட்டுவைத்தால் காணி அவனுடையதாகிவிடும் என்பதே அவ்வச்சம். 1871ஆம் ஆண்டின் சட்டத்தில் அதற்கு ஆதாரம் உண்டு என்பது மெய். ஆனால் அச்சட்டம் பேசுவது, சொந்தக்காரரின் உரிமையை ஏற்காது, அதற்கு மாறாகப் பத்தாண்டு ஆண்டவனைப் பற்றி. எழுத்துக் குத்தகையின்கீழ் இருப்பவன், ஆண்டுதோறும் குத்தகை செலுத்தும்போது, சொந்தக்காரரின் உரிமையை ஏற்றுக்கொண்டே இருக்கின்றான். உண்மையில் ஆபத்து வாய்ப்பேச்சில்தான் இருக்கின்றது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிடின் செல்லாது என்று 1840ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருக்கின்றது. ஆகவே காணிக்காரருக்குப் பாதுகாப்பளிப்பதும், தோட்டக்காரருக்கு எருவிடும் துணிவளிப்பதும் ஒரே பத்திரமேயாகும். இவ்வவையிலிருக்கும் சட்டத்தரணிகள் இதனை மறுப்பார்களாயின் இப்பொழுதே எழுந்து மறுக்கலாம்.

நாங்கள் கேட்பது தானமன்று. 15 ஆண்டுக் குத்தகை கேட்கின்றோம். எருவூட்டும் முதல் மூன்று ஆண்டுகளுக்கு அரைக் குத்தகை. அதன்பின் ஊர் நடப்பிலுள்ள முழுக் குத்தகை, பணமாக, ஆண்டுத் தொடக்கத்தில். சொந்தக்காரர் காணியை விற்க விரும்பினால் முதலில் தோட்டத்தாரிடம் கேட்க வேண்டும். வேறொருவர் வாங்கினாலும் குத்தகைக் காலம் முடியும்வரை தோட்டம் தொடர வேண்டும். இவ்விரண்டு வாசகமும் பத்திரத்தில் இருத்தல் அவசியம். வலிகாமம் வடக்கிலே இராணுவத்திடமிருந்து மீண்ட காணிகள் பல, மீட்கப் போராடியவர்களின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, பற்றை மண்டிக் கிடக்கின்றன. அத்தகைய காணியாயினும் நன்று. பற்றை வெட்டும் செலவு எங்களுடையது. கிணறு மட்டும் தூர்ந்திராமல் இருக்க வேண்டும், உவர் ஏறியிருக்கலாகாது. நீரை எடுத்துச் சோதித்த பின்னரே கையெழுத்திடுவோம்.

காணியுள்ளவர்கள் உறுதியின் பிரதியையும் வரைபடத்தையும் கொணர்ந்து காட்டினால் போதும். நொத்தாரிசின் கட்டணத்தைத் தோட்டமும் சொந்தக்காரரும் பாதிபாதியாக ஏற்கலாம். வாங்க விரும்பும் குடும்பங்கள் தலைவர் அவர்களின் மேசையில் உள்ள கொப்பியில் பெயரை எழுதுக. 100 பெயர் சேருமுன் எவரிடமும் பணம் பெறப்படாது. மாரியின் முதல் மழைக்கு முன்னே பத்திரம் எழுதி முடியுமாயின், அம்மழையிலேயே சணலை விதைத்து, பூக்கும் பருவத்தில் உழுது புதைத்துவிடலாம்.